அடிபட்டால்தான் துள்ளும்

சுவர்ப்பந்துக்கான (ஸ்குவாஷ்) பந்து ஒன்றைப் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்து, தோள் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். தொப்பென்று விழும். ஒரு சாண் எழும்பினால் அதிகம். காற்றுப்போன பந்தைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டாரோ என்று தோன்றும். பந்தில் பழுது ஒன்றுமில்லை. அதன் சுபாவமே அதுதான். கறுப்பு ரப்பர், 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம் எடை, மேலே இரண்டு மஞ்சள் பொட்டு. உலகப் போட்டிகளில் ஆடுவதும் இதே பந்தில்தான்.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பேரும் சில நிமிடம் அதைச் சுவரில் மாறி மாறி அறைவார்கள். கைகாலை உதறிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பவர் நினைப்பார். பந்தையும் சேர்த்துத்தான் தயார் செய்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் பந்து சப்பையாகி மீள்கிறது. அப்போது ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அடியின் ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வராமல் வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. சூடேறிய ரப்பர் இளகுகிறது. வாங்கிய ஆற்றலை முன்பைவிடத் தாராளமாகத் திருப்பித் தருகிறது. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமும் கூடுகிறது. சுமார் 45 டிகிரி செல்சியஸை எட்டும்போது, குளிர்ந்திருந்த அதே பந்து இரு மடங்குக்கு மேல் துள்ளும்.

மலேசியாவின் பினாங்குத் தீவில் புக்கிட் டும்பார் என்று ஒரு மேடு இருக்கிறது. அங்குள்ள சுவர்ப்பந்து மையத்துக்கு இன்று வீராங்கனை நிக்கோல் டேவிட்டின் பெயர். இந்திய வம்சாவளி அப்பா டெஸ்மண்ட், சீன வம்சாவளி அம்மா ஆன் மேரி. 1983 ஆகஸ்ட் 26 அன்று பிறந்த கடைக்குட்டி. அக்காமார் லியானும் ஷெரிலும் ஆடுவதைப் பார்த்து ஐந்து வயதில் மட்டையைத் தூக்கியவர், பிறகு எட்டு முறை உலக சாம்பியன் ஆனார். 2006 ஆகஸ்டிலிருந்து 2015 செப்டம்பர் வரை, இடைவெளியே இல்லாமல் 108 மாதங்கள் உலகின் முதலிடத்தில் இருந்தார்.

அந்த ஒன்பது ஆண்டுக் கதையில் ஒரு சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2014 டிசம்பர், கெய்ரோ. உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி. சொந்த ஊர்க் கூட்டம் அவர் பக்கம். நிக்கோல் முதல் செட்டை 5-11 என்று விட்டு, இரண்டாவதை 11-8 என்று பிடித்து, மூன்றாவதை மறுபடி 7-11 என்று விட்டிருந்தார். நான்காவதில் ரனீம் 10, நிக்கோல் 6. இன்னும் ஒரே ஒரு புள்ளி, பட்டம் எகிப்துக்கு.

அந்த ஒரு புள்ளியை ரனீமுக்கு நான்கு முறை கிடைக்கவிடாமல் செய்தார் நிக்கோல். செட் 14-12 என்று அவர் பக்கம் சாய்ந்தது. ஐந்தாவது 11-5. எட்டாவது பட்டம்.

இதைச் சொன்னதும் எல்லோரும் சொல்லும் பதில், "நம்பிக்கை". தமிழில் அந்தச் சொல்லுக்குப் பெரிய வயிறு. தன்மேல் வைப்பதும் நம்பிக்கை, சாமிமேல் வைப்பதும் நம்பிக்கை, நாளை விடியும் என்பதும் நம்பிக்கை. இவற்றில் முதல் இரண்டையும், கூடவே வரும் பெருமிதத்தையும் உளவியலாளர்கள் தனித்தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். முடிவுகளை அடுக்கிப் பார்த்தால் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன.

முதலில் தன்மேல் வைக்கும் நம்பிக்கை. அதை நினைத்தாலே மலேசியாவின் பெரியவர்களுக்கு ஒரு குத்துச்சண்டை வீரர் கண்முன் வருவார். 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகம்மது அலி, ஜோ பக்னரோடு 15 சுற்று மோதிப் புள்ளிக் கணக்கில் வென்றார். 1980-இல் அவர் சென்னைக்கும் வந்து காட்சிச் சண்டை போட்டார். அவருடைய வாய், கையைப்போலவே பிரசித்தம்: தானே பெரியவன் என்பார், எதிராளி எந்தச் சுற்றில் விழுவான் என்றும் நாள் குறித்துச் சொல்வார். நிக்கோல் அதற்கு நேர் எதிர். தோற்றவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியேறும் ரகம். வெளியே இடி முழக்கம் ஒன்று, மௌனம் ஒன்று. உள்ளே இருந்த பொருள் ஒன்றுதானா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பண்டூரா இந்தப் பொருளைத் தேடிப் போனது விளையாட்டு அரங்குக்கு அல்ல, பாம்பிடம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்போம். தெருவில் நடக்கவே அஞ்சும் அளவுக்குப் பாம்புப் பயம் கொண்டவர்களை அவர் அழைத்து வந்தார். சிலர் படிப்படியாகத் தாங்களே பாம்பைத் தொட்டுப் பழகினார்கள். சிலர், பிறர் தொடுவதை மட்டும் பார்த்தார்கள். தொட்டுப் பழகியவர்களுக்கே துணிச்சல் அதிகம் வந்தது. இதில் வியப்பு இல்லை. வியப்பு வேறிடத்தில் இருந்தது. "உன்னால் எதுவரை முடியும்?" என்று ஒவ்வொருவரையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்தார்கள். எந்த வழியில் துணிச்சல் வந்திருந்தாலும், அவர்கள் பிறகு செய்துகாட்டியது பெரும்பாலும் அந்த மதிப்பீட்டை ஒட்டியே இருந்தது. 1977-இல் பண்டூரா இதைக் கோட்பாடாக்கி வெளியிட்டார். "நான் பெரிய ஆள்" என்ற பொதுவான நினைப்பு அல்ல இது; "இந்த வேலையை, இந்த இடத்தில், என்னால் செய்ய முடியும்" என்ற குறிப்பான கணக்கு. அலியின் சவடாலும் நிக்கோலின் அமைதியும் வெவ்வேறு மேலுறைகள். உள்ளே இருந்தது இந்தக் கணக்குதான்.

இந்தக் கணக்கில் வரவு வைக்க நான்கு வழிகள் உண்டு என்றார் பண்டூரா.

பெரிய வரவு, முன்பு தானே செய்து முடித்தது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 15 வயதில் தங்கம். 1999-இல் இளையோர் உலக சாம்பியன். 2001-இல் அதே பட்டம் மறுபடியும், இந்த முறை பினாங்கிலேயே. சொந்த ஊரில் வெல்வது வெறும் மகிழ்ச்சிதானா என்பதற்குச் சுண்டெலிகள் ஒரு குறிப்பு தருகின்றன. கலிஃபோர்னியச் சுண்டெலிகளை மோதவிட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், எல்லா வெற்றியும் மூளையில் ஒரே அளவு மாற்றத்தை உண்டாக்கவில்லை. சொந்தக் கூண்டில் வென்ற எலிக்குத்தான், ஊக்கத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் ஆண் ஹார்மோனை உணரும் ஏற்பிகள் கூடின. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "நம்ம ஊர் மண்" என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை என்று எண்ண இடம் தருகிறது.

இரண்டாவது, தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது. இங்கே "தன்னைப்போன்ற" என்பதுதான் முக்கியம். தொலைக்காட்சியில் தெரியும் வெளிநாட்டு நட்சத்திரத்தைவிட, ஒரே வீட்டில் தோசை தின்னும் அக்கா ஆடுவது அதிகம் வேலை செய்யும். உலகத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை போன ஓங் பெங் ஹீயும் பினாங்குக்காரர். நிக்கோலைப் பார்த்து வளர்ந்த லோ வீ வெர்ன் ஐந்தாம் இடம் வரை போனார், அவரும் பினாங்கு. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் நிக்கோலும் வீ வெர்னும்தான் மோதினார்கள். ஆசியக் கண்டம் முழுவதும் சல்லடை போட்டுச் சலித்துக் கடைசியில் மிஞ்சிய இருவரும் ஒரே சின்னத் தீவு. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்ளலாம். பண்டூராவைக் கேட்டால், கண்ணில் இருக்கிறது என்பார். நம் சென்னையிலிருந்து ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் அடுத்தடுத்துக் கிளம்பியதற்கும் இதே விளக்கம் பொருந்தும்.

மூன்றாவது, பிறர் சொல்லும் சொல். "உன்னால் முடியும்" என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் தனியாக நின்றால் அது சீக்கிரம் கரைந்துவிடும். அதைச் சொல்பவர் விஷயம் தெரிந்தவராக இருந்து, சொன்ன கையோடு செய்துகாட்டவும் வைத்தால்தான் தங்கும். நிக்கோல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்து பயிற்சி பெற்றது லிஸ் இர்விங்கிடம். அவர் ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீராங்கனை. உலகின் இரண்டாம் இடத்தில் இருந்தவர்.

நான்காவது, உடம்பு அனுப்பும் தந்தி. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதைப் "பயந்துவிட்டேன்" என்று படிப்பதா, "தயாராகிவிட்டேன்" என்று படிப்பதா? ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனையில், அந்நியர் முன்னால் கரோக்கே பாட நிறுத்தப்பட்டவர்களில் "எனக்குப் பரபரப்பாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், "பதற்றமாக இருக்கிறது" என்றவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். அதே இதயம், அதே துடிப்பு. மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் வேறு.

ஆறுக்குப் பத்து என்ற நிலையில் இந்தப் பெயர்ச்சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெருக்கடியில் கை சொதப்புவதைப் பற்றி சையன் பெய்லாக் முதலிய உளவியலாளர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரரின் வீச்சு, பல்லாயிரம் முறை செய்து செய்து மனத்தின் மேல்தளத்திலிருந்து கீழே இறங்கிவிட்ட வேலை. நெருக்கடி வரும்போது அவர் அதை மறுபடி மேலே இழுத்து, மணிக்கட்டு சரியாக மடங்குகிறதா என்று கண்காணிக்கத் தொடங்குகிறார். படியிறங்கும்போது காலைப் பார்த்துப் பார்த்து இறங்கினால் தடுக்குவோமே, அதுபோல. வரவு வலுவாக உள்ளவருக்கு இந்தக் கண்காணிப்பு தேவைப்படுவதில்லை.

இனி, சாமிமேல் வைக்கும் நம்பிக்கை. பினாங்கில் அதைப் பார்க்கத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போக வேண்டும். மலையுச்சியில் பாலதண்டாயுதபாணி, அடிவாரத்திலிருந்து 513 படிகள். தெருவெல்லாம் சிதறுதேங்காய் ஓடும் தேங்காய்த் தண்ணீரும் கலந்து கிடக்க, அலகு குத்திய நாவோடு, முதுகில் கொக்கிகளோடு, வெறுங்காலோடு பக்தர்கள் ஏறுவார்கள். கூடவே தம்பியோ மச்சானோ தண்ணீர்க் குப்பியோடு வருவார். மேளம் தளர்ந்தால் "வேல் வேல்" என்று குரல் கொடுத்துத் தூக்கிவிடுவார். பட்ட வலி எங்கே போகிறது?

2008-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கத்தோலிக்கர் சிலரையும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் சிலரையும் மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, கையில் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அப்போது கன்னி மரியாளின் ஓவியத்தையும் டா வின்சி வரைந்த வேறொரு பெண்ணின் ஓவியத்தையும் காட்டினார்கள். மாதாவைப் பார்த்தபோது கத்தோலிக்கர்கள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு இரண்டு படமும் ஒன்றுதான். ஸ்கேனில், நெற்றிக்குப் பின்னால் வலப்புறம், ஓர் அனுபவத்துக்கு நாம் தரும் அர்த்தத்தை மாற்றியமைக்கும் பகுதி அவர்களிடம் மட்டும் கூடுதலாக இயங்கியது. சிறிய ஆய்வுதான். ஆனால் மொரீஷியஸ் தீவில் காவடி எடுக்கும் தமிழ்ப் பக்தர்களை டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் குழு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவும் அதே திசையைக் காட்டுகிறது: காவடி எடுத்தவர்களின் உடல்நலத்துக்கு நீடித்த கேடு எதுவும் தென்படவில்லை, அதிக அலகு குத்திக்கொண்டவர்களே பிறகு தங்கள் வாழ்க்கை மேம்பட்டதாக அதிகம் உணர்ந்தார்கள்.

ஆட்டக்காரர்களின் சின்னச் சின்னச் சடங்குகளும் இந்த இனம்தான். கோட்டைத் தொட்டுக் கும்பிடுவது, சர்வீஸ் போடுமுன் பந்தைக் குறிப்பிட்ட முறை தட்டுவது, வலது காலணியை முதலில் மாட்டுவது. 2017-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் சிலரை ஒரு வாரம் வீட்டில் ஒரு புதுச் சடங்கைச் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு தலையில் மின்முனைகளை மாட்டி ஒரு சோதனை வைத்தார்கள். நாம் தவறு செய்ததும், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மூளை "ஐயோ" என்று ஒரு மின்னலையை எழுப்பும். சடங்கு செய்தவர்களிடம் அந்த அலை தணிந்திருந்தது. தவறுகளின் எண்ணிக்கை குறையவில்லை, கவனியுங்கள். தவறு கொடுத்த சூடுதான் குறைந்தது. புள்ளிக்குப் புள்ளி உடனுக்குடன் மறந்து அடுத்ததற்கு நிற்க வேண்டிய விளையாட்டில் அது சின்ன லாபம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "இது ராசியான பந்து" என்று சொல்லிக் கொடுத்தால் கோல்ஃப் ஆடுபவர் அதிகப் பந்துகளைக் குழியில் தள்ளுகிறார் என்று 2010-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. 2014-இல் வேறு இருவர் அதிகப் பேரை வைத்து அதையே செய்து பார்த்தார்கள். ராசி வேலை செய்யவில்லை. நம்பிக்கை பதற்றத்தை இறக்கிவைக்கும்; கற்றுக்கொள்ளாத வித்தையைக் கையில் கொண்டுவந்து தராது. 513 படி ஏறுபவருக்கும் விரதமும் பயிற்சியும் பின்னால் இருக்கின்றன.

மூன்றாவது சரக்கு, பெருமிதம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கிலும் ஜூடோ வீரர்கள் வென்ற கணத்தில் எடுத்த படங்களை ஜெசிகா டிரேசியும் டேவிட் மட்சுமோட்டோவும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். எந்த நாட்டவரானாலும் மார்பு விரிகிறது, தலை பின்னால் சாய்கிறது, கைகள் மேலே போகின்றன. பிறவியிலேயே பார்வை இல்லாத வீரர்களும் அதையேதான் செய்தார்கள். வென்றவர் எப்படி நிற்பார் என்று ஒருபோதும் கண்டிராதவர்கள் அவர்கள். நெஞ்சை நிமிர்த்துவது பார்த்துப் படித்ததல்ல, உடம்போடு வந்தது.

டிரேசி இன்னொன்றும் சொல்கிறார்: பெருமிதம் இரண்டு வகை. "உழைத்தேன், அதனால் வென்றேன்" என்பது ஒன்று. "நான் இப்படிப்பட்டவன், அதனால் வென்றேன்" என்பது மற்றது. முதலாவது அடுத்த நாள் பயிற்சிக்கு எழுப்பும். இரண்டாவது படுக்கையிலேயே வைத்திருக்கும். தமிழுக்கு இது புதிய செய்தி இல்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்து, அது பிறக்கும் இடங்களாகக் கல்வியையும் அஞ்சாமையையும் புகழையும் ஈகையையும் சொல்கிறது. பிறப்போ உடல்வலிமையோ அந்தப் பட்டியலில் இல்லை. மற்றதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் செருக்கு.

நிக்கோலின் பெருமிதத்தில் ஒரு குறை எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய விளையாட்டு ஒலிம்பிக்கில் இல்லை. சேர்க்கச் சொல்லி உலக அரங்குகளில் வாதாடிய முகங்களில் அவரும் ஒருவர்; அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அது கைகூடவே இல்லை. 2019-இல் ஓய்வு பெற்றார். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் சுவர்ப்பந்தைச் சேர்த்தது. அந்தக் களத்தில் இறங்க அவருக்கு வழியில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு உண்டு. பெருமிதத்தின் ஊற்றுகளில் ஈகையைச் சேர்த்தவர் யோசித்துத்தான் சேர்த்திருக்கிறார்.

கெய்ரோவுக்குத் திரும்புவோம். அந்த ஆறுக்குப் பத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன். அதே 2014 மார்ச்சில், முந்தைய ஆண்டுக்குரிய உலகப் போட்டி பினாங்கில் நடந்தது. சொந்த ஊர், சொந்த சனம். அரையிறுதியில் இளம் எகிப்திய வீராங்கனை நூர் எல் ஷெர்பினியிடம் நிக்கோல் தோற்றார். சுண்டெலிக் கணக்குப்படி பார்த்தால் அதைவிடக் கொடிய அடி கிடையாது. அடுத்து கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் தங்கம். அடுத்து இஞ்சியோனில் தங்கம். பினாங்குத் தோல்வியிலிருந்து ஒன்பதாவது மாதம் கெய்ரோ. மார்ச்சில் குளிர்ந்துபோன பந்து, அடி வாங்கி வாங்கி டிசம்பருக்குள் சூடேறியிருந்தது.

கையில் வந்த பட்டத்தை நழுவவிட்ட ரனீம் என்ன ஆனார்? அடுத்த ஆண்டு செப்டம்பரில் நிக்கோலின் 108 மாத ஆட்சியை முடித்து முதலிடத்தில் அமர்ந்தவர் அவர்தான். 2017-இல் உலக சாம்பியனும் ஆனார்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்த நிக்கோலுக்கு எதிரே நின்றவர் கெடா மாநிலத்துத் தமிழ்ப் பெண், 19 வயது சிவசங்கரி சுப்பிரமணியம். ஐந்து செட் வரை இழுத்து, நிக்கோல் தன் ஐந்தாவது ஆசியத் தனிநபர் தங்கத்தை எடுத்தார். தோற்ற சிவசங்கரி, 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கித் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் பலத்த காயப்பட்டார். மட்டை பிடிப்பது இருக்கட்டும், எழுந்து நடப்பதே பெரிதாயிருந்த நாட்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் கழுத்தில் தனிநபர் தங்கம். 2024-இல் லண்டன் கிளாசிக் போட்டியில், உலகின் உச்சியில் இருந்த எகிப்திய வீராங்கனைகளை வரிசையாக வீழ்த்திப் பட்டம் வென்றார்.

சுவர்ப்பந்தில் சில நேரம் ஆட்டத்தின் நடுவே பந்து கிழிந்துவிடும். புள்ளி எதுவாக இருந்தாலும் ஆட்டம் நிற்கும். நடுவர் புதுப் பந்து ஒன்றைத் தருவார். தொப்பென்று விழும் குளிர்ந்த பந்து. அப்போது இரண்டு பேரும் அருகருகே நின்று அதைச் சுவரில் மாறி மாறி அறையத் தொடங்குவார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள்தான். பந்து போதுமான அளவு துள்ளுகிறது என்று இருவருக்கும் தோன்றியதும், விட்ட புள்ளியிலிருந்து ஆட்டம் தொடரும்.